மேல் காந்தாரத்தில் உடையும் குரலுக்கு: பாரிடோன்காரர்களின் கால் மணி நேரச் சாதகம்

நான் குழுவாகப் பாட்டுக் கற்ற இடத்தில் ஆண்கள் எல்லோருக்கும் ஒரே சுருதி (சட்ஜம் நிற்கும் இடம்), இரண்டரைக் கட்டை, அதாவது கீபோர்டில் டி ஷார்ப். தைவதத்திலேயே எனக்குத் தொண்டை இறுக ஆரம்பிக்கும். மேல் சட்ஜத்தில் கழுத்து நரம்பு புடைக்கும். மேல் காந்தாரத்தில் குரல் உடைந்து, மீசை முளைக்கும் வயதுப் பையன் கத்துவது போல ஒரு சத்தம் வரும். "சாதகம் பண்ணுங்க, வந்துடும்" என்றார்கள். இரண்டு வருடம் பண்ணினேன். வந்ததென்னவோ தொண்டைக்கட்டுதான்.

பிறகுதான் தெரிந்தது, என்னுடையது பாரிடோன் குரல். உயர்ந்த ஆண்குரலான டெனருக்கும் தாழ்ந்த ஆண்குரலான பாஸுக்கும் நடுவில் இருப்பது. ஆண்களில் பெரும்பாலோர் இந்த வகைதான். கீபோர்டில் சொன்னால் ஏறக்குறைய ஜி2 முதல் ஜி4 வரை (எழுத்து ஸ்வரத்தை, எண் ஸ்தாயியைக் குறிக்கும்). இப்போது நான் தினமும் செய்வதை அப்படியே எழுதுகிறேன். ஸ்வரம் தெரியும், சரளி வரிசை பாடியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் கட்டை

கீழ் பஞ்சமமும் மேல் பஞ்சமமும் இரண்டுமே தொட முடிகிற சுருதிதான் உங்கள் சுருதி. 1 கட்டை (சட்ஜம் சி3) வைத்தால் கீழ் பஞ்சமம் ஜி2, மேல் பஞ்சமம் ஜி4. அதாவது பாரிடோன் எல்லை அச்சாக அதற்குள் அடங்கிவிடுகிறது. மேலே ரொம்பத் திணறினால், 1-க்குக் கீழே இருக்கும் ஸ்தாயியின் 7 கட்டை (பி), ஆறரைக் கட்டை (ஏ ஷார்ப்) என்று கீழே இறங்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. கர்நாடக இசைப் பாடகர் எம்.டி.ராமநாதன் (1923–1984) தாழ்ந்த சுருதியில், நிதானமான காலப்பிரமாணத்தில் (வேகத்தில்) பாடியே தனக்கென்று ஓர் இடம் பிடித்தவர்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனையைக் காலையில் எழுந்ததும் செய்யாதீர்கள். தூங்கி எழுந்தவுடன் குரல்நாண்கள் லேசாக வீங்கியிருக்கும், குரல் தானாகவே தாழ்ந்து ஒலிக்கும். அந்தக் கீழ் பஞ்சமத்தை நம்பி நான் ஒருமுறை சாயங்காலக் கச்சேரியில் ஆறு கட்டைக்குச் சுருதி வைத்தேன். கீழே வெறும் காற்றுதான் வந்தது.

ப்ர்ர்ர்… 3 நிமிடம்

குழந்தைகள் லாரி ஓட்டும்போது உதட்டைத் துடிக்கவிட்டு ஒரு சத்தம் போடுவார்களே, அதுதான். அந்தச் சத்தத்திலேயே ஸ ரி க ம ப ம க ரி ஸ. 1 கட்டையில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஒரு கீ மேலே. 4 கட்டை வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். கன்னத்தை இரண்டு விரலால் லேசாக மேலே தாங்கிப் பிடித்தால் துடிப்பு அறுபடாது. மூச்சைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள்: விலா விரியட்டும், தோள் ஏற வேண்டாம். அவ்வளவுதான்.

ஸ்ட்ரா, 4 நிமிடம்

ஒரு டம்ளரில் பாதி தண்ணீர். ஸ்ட்ராவின் நுனி இரண்டு விரற்கடை மூழ்கட்டும். "ஊ" என்று ஊதியபடியே கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி குரலை இழுங்கள். குமிழி ஒரே சீராக வர வேண்டும். குபீரென்று பொங்கினால் அதிகமாக ஊதுகிறீர்கள். நடுவில் மூக்கைப் பொத்திப் பாருங்கள். சத்தம் மாறினால் காற்று மூக்கு வழியே கசிகிறது.

விஷயம் இதுதான். குறுகிய வழியில் காற்று போகும்போது பின்னால் ஓர் அழுத்தம் தங்கும். அது குரல்நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதாமல் தாங்கிக்கொள்ளும். அமெரிக்கக் குரல் விஞ்ஞானி இங்கோ டிட்ஸே இந்தப் பயிற்சியை உலகம் முழுக்கப் பரப்பினார்.

எந்த ஸ்ட்ரா? 2019-லிருந்து தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை. காகித ஸ்ட்ரா தண்ணீரில் மூன்று நிமிடத்தில் நைந்து போய்விடும், நாலாவது நிமிடம் வாயில் காகிதக்கூழ். ஸ்டீல் ஸ்ட்ரா ஒன்று வாங்கிவிடுங்கள். ஆரம்பத்தில் சற்றுப் பெரிய துவாரம், பழகப் பழகச் சிறியது. வளைந்த ஸ்ட்ரா எனக்குப் பிடிக்காது, தலை தானாகக் குனிந்துவிடுகிறது.

மாங்ங்ங்காய், 2 நிமிடம்

"மாங்காய்" என்று சொல்லிப் பாருங்கள், "ங்"-கில் அப்படியே நில்லுங்கள். நாக்கின் பின்பகுதி அண்ணத்தில் ஒட்டியிருக்கும், மூக்கெலும்பு அதிரும். அந்த "ங்"-கிலேயே சரளி வரிசை ஒன்று. மேலைநாட்டு ஆசிரியர்கள் இதைத் தனியாகப் பழக்குவார்கள். நமக்குத் தாய்மொழியிலேயே இருக்கிறது.

நான் தடுக்கி விழுந்த இடம்

இப்போது நிஷாதம், மேல் சட்ஜம், மேல் ரிஷபம், மேல் காந்தாரம். 1 கட்டையில் மாயாமாளவகௌளை பாடினால் இவை பி3-யில் தொடங்கி இ4-இல் முடியும். பாரிடோன் குரலின் திருப்பம், அதாவது கீழ்க்குரல் மேல்குரலாக மாறும் இடம், பெரும்பாலும் இந்த நான்கு ஸ்வரத்துக்குள்தான் இருக்கிறது. இத்தாலியர்கள் பசாஜோ என்பார்கள். நான் கொண்டை ஊசி வளைவு என்பேன். வளைவில் யாரும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மாட்டார்கள். நான் இரண்டு வருடம் மிதித்தேன்.

என்ன நடக்கிறது என்றால், வாயைத் திறந்து "ஆ" சொல்லும்போது தொண்டையும் வாயும் சேர்ந்த அந்த வெற்றிடத்துக்கு என்று ஓர் அதிர்வெண் உண்டு, சுமார் 650–700 ஹெர்ட்ஸ். 1 கட்டையில் மேல் காந்தாரம் 330 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 660. இரண்டும் அங்கே முட்டிக்கொள்கின்றன. வாயை இன்னும் அகலத் திறந்து அந்த முட்டலை விடாமல் பிடித்தால் வருவது கத்தல். பிடி நழுவினால் பொய்க்குரல் (ஃபால்செட்டோ, மெல்லிய மேல்குரல்). எனக்கு இரண்டும் மாறி மாறி வந்தன.

தீர்வு, "ஆ"-வைக் கொஞ்சம் குறுக்குவது. இப்படிச் செய்யுங்கள். ஆட்காட்டி விரலைக் குரல்வளை மேட்டின் மேல் வையுங்கள், அழுத்த வேண்டாம். பஞ்சமத்தில் "ஆ" பாடி, ப த நி ஸ் என்று ஏறுங்கள். நிஷாதத்தில் மேடு விரலைத் தாண்டி மேலே ஓடுகிறதா? அங்கேதான் கோளாறு. திரும்பவும் பாடுங்கள். இந்த முறை நிஷாதத்திலிருந்து, உதட்டைக் குவிக்காமல், வாய்க்குள் மட்டும் "ஓ" நினையுங்கள். சத்தத்தைப் பாதியாகக் குறையுங்கள். மோவாய் மேலே தூக்க வேண்டாம். மேடு இருந்த இடத்திலேயே கிடக்கும். முதல் நாள் குரல் சின்னதாக, யாரோ பாடுவது போல இருக்கும். பயந்துபோய்ப் பழையபடி தள்ளாதீர்கள். எனக்கு மூன்று வாரம் அப்படித்தான் இருந்தது.

"அகாரம் ("ஆ"-வில் பாடுவது) கெட்டுவிடுமே" என்று கேட்பவர்கள் உண்டு. கைப்பேசியைக் கையெட்டும் தூரத்தில் வைத்துப் பதிவு செய்து கேளுங்கள். உள்ளே நீங்கள் நினைத்தது "ஓ", வெளியே கேட்பது "ஆ". குளியலறையில் மட்டும் சோதிக்காதீர்கள், அங்கே எல்லோர் குரலும் நன்றாகத்தான் இருக்கும்.

இன்னொரு வழியும் உதவியது. மேல் பஞ்சமத்தில் பொய்க்குரலில் மெல்ல "ஊ" என்று தொடங்கி, வழுக்கிக்கொண்டே சட்ஜம் வரை இறங்குவது. கீழிருந்து மூட்டையைச் சுமந்து ஏறுவதைவிட மேலிருந்து இறங்குவது சுலபம். தினமும் ஐந்தாறு முறை போதும்.

கீழே போகும்போது

கனமான குரலுக்கு ஒரு சபலம் உண்டு, இன்னும் கனமாகக் காட்டுவது. நாக்கின் அடிப்பகுதியைக் கீழே அழுத்தி "ம்ஹூம்" என்று உருமுவோம். நமக்குக் கம்பீரமாகத் தோன்றும், நாலாவது வரிசையில் ஒன்றும் புரியாது. கீழ் ஸ்தாயியில் சத்தத்தைக் குறையுங்கள், எழுத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள், மிச்சத்தை மைக் பார்த்துக்கொள்ளும்.

தொண்டைக்கு என்ன சாப்பிடலாம்?

பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை எல்லாம் இதமாக இருக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் விழுங்குவது எதுவும் குரல்நாண்மேல் படுவதில்லை; பட்டால் புரையேறிவிடும். தண்ணீர்கூட உடம்பு வழியாகச் சுற்றித்தான் வந்து சேரும், ஆகவே பாடுவதற்குச் சில மணி நேரம் முன்பிருந்தே குடியுங்கள். அதிமதுரத்தை நாள்தோறும் நிறைய மெல்லாதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும். அப்புறம், தொண்டையைச் செருமுவது. அதை விடுங்கள், எச்சிலை விழுங்குங்கள்.

சேர்க்கை 1: உதடு துடிக்கவே இல்லை என்று பலர் எழுதியிருந்தீர்கள். உதட்டை இறுக்கி வைத்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். குதிரை மாதிரி குரலே இல்லாமல் வெறும் காற்றில் முதலில் துடிக்க விடுங்கள், பிறகு ஸ்வரம் சேருங்கள். அப்படியும் வராவிட்டால் நாக்கு நுனியில் "ர்ர்ர்". பலன் ஒன்றுதான்.

சேர்க்கை 2: ஸ்ட்ராவில் ஊதித் தலைசுற்றியது என்று ஒருவர். நின்றுகொண்டு செய்யாதீர்கள், இடையிடையே சாதாரணமாக மூச்சு விடுங்கள், பாதி பலத்தில் ஊதுங்கள். இன்னொருவருக்கு ஒரு மாதத்துக்கு மேலாகக் குரல் கம்மியே இருக்கிறதாம். அதற்கு இந்தப் பயிற்சி எதுவும் வேண்டாம் நண்பரே, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சேர்க்கை 3: "வகுப்பில் எல்லாம் இரண்டரைக் கட்டைப் பதிவு, வீட்டில் எப்படி 1 கட்டையில் பழகுவது?" கரோக்கி ஆப்பிலோ கீபோர்டிலோ டிரான்ஸ்போஸ் என்று இருக்கும். அதில் −3 வையுங்கள் (கறுப்பும் வெள்ளையும் சேர்த்து மூன்று கீ கீழே). 7 கட்டைக்கு −4. தாளத்தின் வேகம் மாறாமல் சுருதி மட்டும் இறங்குகிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சில ஆப்கள் இரண்டையும் சேர்த்தே இழுத்துவிடுகின்றன.