டீம்ஸ் பாட், டேப்: விஎஸ் கோடிலேயே டீபக் செய்வது எப்படி

மைக்ரோசாஃப்ட் டீம்ஸுக்கு முதல்முறை பாட் (மெசேஜுக்குத் தானாகப் பதில் சொல்லும் நிரல்) எழுதுகிறவர்கள் திணறுவது பெரும்பாலும் கோடில் இல்லை. டீபக் செய்ய, அதாவது கோடை ஓட்டிப் பிழை தேட, விஎஸ் கோடில் எஃப்5 அழுத்தியதும் பின்னால் என்னவெல்லாம் நடக்கிறது என்று தெரியாததில்தான் சிக்கலே. சாதாரண வெப் ஆப் என்றால் சர்வரை ஓடவிட்டு பிரவுசரில் லோக்கல்ஹோஸ்டைத் திறந்தால் வேலை முடிந்தது. பாட் அப்படியில்லை, கோட் ஓடுவது உங்கள் கணினியில், ஆனால் டீம்ஸில் தட்டுகிற மெசேஜ் மைக்ரோசாஃப்டின் சர்வருக்குப் போய், அங்கிருந்துதான் உங்களைத் தேடி வரும். இந்த வழியில் எந்த இடத்தில் அறுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி டீபக்கிங்.

தேவையானவை கொஞ்சம்தான். விஎஸ் கோட், நோட் ஜேஎஸ், அப்புறம் ஏஜென்ட்ஸ் டூல்கிட் எக்ஸ்டென்ஷன். 2025 வரை இதற்கு டீம்ஸ் டூல்கிட் என்று பெயர், பழைய வீடியோக்களில் அந்தப் பெயரைத்தான் பார்ப்பீர்கள், குழம்ப வேண்டாம். டீம்ஸுக்குள் ஓட்டிப் பார்க்க மைக்ரோசாஃப்ட் 365 கணக்கு வேண்டும், அதில் கஸ்டம் ஆப் அப்லோட் செய்யும் அனுமதியும் இருக்க வேண்டும். அலுவலகக் கணக்குகளில் இது பல சமயம் மூடியே இருக்கும், டீம்ஸ் அட்மின் சென்டரில் அட்மின்தான் திறந்துவிட வேண்டும். கோட் எழுத உட்காரும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.

அனுமதி வரும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை. டீபக் பட்டியலில் பிளேகிரவுண்ட் என்று ஒரு தேர்வு இருக்கும். அதைத் தேர்ந்து எஃப்5 அழுத்தினால் டீம்ஸ் மாதிரியே ஒரு சாட் திரை பிரவுசரில் திறக்கும். கணக்கு வேண்டாம், டனல் (இணையத்திலிருந்து உங்கள் கணினிக்கு வரும் வழி) வேண்டாம், எல்லாம் உங்கள் கணினிக்குள்ளேயே. பாட்டின் பதில்கள், அடாப்டிவ் கார்டுகள் (பட்டன், படம் எல்லாம் வைத்து அனுப்பும் அட்டை மாதிரியான மெசேஜ்கள்) எல்லாவற்றையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஆப்பை இன்ஸ்டால் செய்தது போலவோ, குழுவில் புதிதாக ஒருவர் சேர்ந்தது போலவோ போலி நிகழ்வுகளை அனுப்பும் மெனுவும் உண்டு. என் கருத்தில் பாட்டின் லாஜிக்கை முழுக்க இங்கே முடித்துவிட்டுத்தான் டீம்ஸ் பக்கம் போக வேண்டும், ஏனென்றால் இங்கே ஓடுகிற பாட் டீம்ஸில் ஓடவில்லை என்றால் தப்பு பெரும்பாலும் உங்கள் லாஜிக்கில் இல்லை, இணைப்பிலோ மேனிஃபெஸ்டிலோ (ஆப்பின் பெயர், ஐடி போன்ற விவரங்கள் இருக்கும் ஃபைல்) இருக்கிறது என்று நேரே அங்கே போய்த் தேடலாம்.

சரி, இப்போது டீம்ஸில் டீபக் என்பதைத் தேர்ந்து எஃப்5 அழுத்துங்கள். டூல்கிட் முதலில் நோட் பதிப்பு, லாகின், அப்லோட் அனுமதி, போர்ட்கள் காலியாக இருக்கின்றனவா என்று பார்க்கும். பிறகு உங்கள் 3978 போர்ட்டை வெளி உலகத்தோடு இணைக்க ஒரு டெவ் டனல் திறந்து, அந்த முகவரியை லோக்கல் என்வ் ஃபைலில் (அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் ஃபைல்) எழுதும். அடுத்து பாட்டைப் பதிவு செய்து, மேனிஃபெஸ்டையும் ஐகான்களையும் ஜிப்பாகக் கட்டி, கடைசியில் சர்வரைத் தொடங்கி பிரவுசரில் டீம்ஸைத் திறக்கும். இவை எல்லாமே டாஸ்க்ஸ் ஃபைலில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும், ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பாருங்கள். எரர் வந்தால் எந்த டாஸ்கின் டெர்மினலில் சிவப்பு தெரிகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு கூகுளுக்கு ஓடாதீர்கள்.

மெசேஜ் அனுப்புகிறீர்கள், பாட் மௌனமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மெசேஜைப் பெறும் ஹேண்ட்லரின் (மெசேஜ் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) முதல் வரியில் ஒரு பிரேக்பாயின்ட் வையுங்கள், கோட் அந்த வரியில் நின்றுவிடும். அங்கே நிற்கவே இல்லை என்றால் மெசேஜ் உங்கள் ஹேண்ட்லர் வரை வரவில்லை. டனல் செத்திருக்கலாம், என்வ் ஃபைலில் இருக்கும் எண்ட்பாயின்ட், அதாவது மெசேஜ் வந்து சேர வேண்டிய முகவரி, பழையதாக இருக்கலாம். டெர்மினலில் 401 (அடையாளம் ஏற்கப்படவில்லை என்ற எரர்) வந்தால் பாட் ஐடியும் பாஸ்வேர்டும் பொருந்தவில்லை என்று சந்தேகப்படுங்கள். பிரேக்பாயின்டில் நின்றால் ஆக்டிவிட்டி ஆப்ஜெக்டை விரித்து டெக்ஸ்ட் என்ற புலத்தைப் பாருங்கள். குழு சாட்டில் பாட்டை மென்ஷன் செய்து 'உதவி' என்று அனுப்பினால் அங்கே 'உதவி' மட்டும் இருக்காது, பாட்டின் பெயரும் ஒரு டேகுக்குள் சேர்ந்து வரும். மெசேஜ் 'உதவி'தானா என்று கோடில் பார்க்கும் ஒப்பீடு, தனி சாட்டில் ஒழுங்காக ஓடிவிட்டு குழுவில் பொய்த்துப்போவது இதனால்தான், மென்ஷனை நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள். சேனலிலும் குழு சாட்டிலும் மென்ஷன் செய்தால்தான் இயல்பாக மெசேஜ் பாட்டுக்கு வரும் என்பதையும் மறக்காதீர்கள். இன்னொன்று, பிரேக்பாயின்டில் நின்று நிதானமாக யோசித்துக்கொண்டிருந்தால் மெசேஜை அனுப்பிய மைக்ரோசாஃப்ட் சர்வர் தரப்பில் கிட்டத்தட்ட 15 வினாடியில் டைம்அவுட் ஆகிவிடும், அதைப் பார்த்து பாட் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

டேப் என்றால் கதை கொஞ்சம் எளிது. அது டீம்ஸ் திரையில் ஒரு ஐஃப்ரேமுக்குள் (பக்கத்துக்குள் இன்னொரு பக்கம் காட்டும் சட்டகம்) ஓடும் வெப் பக்கம்தான், லோக்கல் சான்றிதழை நம்பச் சொல்லிக் கேட்டால் ஒப்புக்கொள்ளுங்கள். லோடிங் சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் எரர் திரை வந்தால், மேனிஃபெஸ்டில் லோடிங் இண்டிகேட்டரை ஆன் செய்துவிட்டு, பக்கம் தயார் என்று எஸ்டிகே (டீம்ஸோடு பேச உதவும் கோட் லைப்ரரி) வழியாக டீம்ஸுக்குச் சொல்லாமல் விட்டிருப்பீர்கள். அதற்கு 30 வினாடிதான் கெடு.

கோடை மாற்றி சேவ் செய்தால் சர்வர் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி டெம்ப்ளேட்டிலேயே அமைத்திருப்பார்கள். மேனிஃபெஸ்ட் அப்படியில்லை, அதில் ஒரு எழுத்தை மாற்றினாலும் நிறுத்திவிட்டு மறுபடி எஃப்5 அழுத்தி ஜிப்பைப் புதிதாக ஏற்ற வேண்டும். அந்த ஃபைலின் மேலேயே பிரிவ்யூ இணைப்பு இருக்கிறது, அதை அழுத்தினால் வேரியபிள்களுக்குப் பதில் உண்மையான ஐடிகள் நிரம்பிய வடிவம் தெரியும். ஐகான்கள் ஒன்று 192 பிக்ஸல், இன்னொன்று 32, அளவு மாறினால் வேலிடேஷனிலேயே நின்றுவிடும்.

நிறுத்தும்போது ஷிஃப்ட் எஃப்5 அழுத்துங்கள். அடுத்த முறை போர்ட் பிஸி என்று வந்தால் பழைய நோட் பிராசஸ் ஒன்று 3978-ஐப் பிடித்துக்கொண்டிருக்கும், அதை முடித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.