கிறிஸ்-கிராஸ் ஸ்க்வீஸ்: ஏஸ்களை அவசரப்பட்டு எடுக்காதீர்கள்

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் ஸ்க்வீஸ் என்றால், எதைக் கழித்தாலும் நஷ்டமாகும்படி எதிராளியை நெருக்குவது. நோ-ட்ரம்ப் (துருப்புச் சீட்டு இல்லாத ஆட்டம்), கடைசி 4 கார்டு. டம்மியில் (மேசையில் திறந்து வைத்த உங்கள் ஜோடியின் கையில்) ஸ்பேட் ஏஸ், ஹார்ட் ராணி, ஹார்ட் 2, உதவாத ஒரு டைமண்ட். உங்கள் கையில் ஸ்பேட் ராணி, ஸ்பேட் 2, ஹார்ட் ஏஸ், ஜெயிக்கும் கிளப் ஒன்று. மீதி 4 ட்ரிக்கில் (ஒரு சுற்று ஆட்டம் ஒரு ட்ரிக்) 3 நிச்சயம், ஒன்றுதான் கைநழுவும் நிலை.

ஸ்பேட், ஹார்ட் ராஜாக்கள் இரண்டும் அதே ஜாதியில் ஆளுக்கொரு சின்னக் கார்டோடு ஒரே எதிராளியிடம் இருந்தால், அவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாலும் சிக்குவார். கிளப்பைப் போட்டு டம்மியின் டைமண்டைக் கழியுங்கள். அவர் ஸ்பேடை விட்டால், ஸ்பேட் 2-ஐ ஏஸுக்கு ஆடுங்கள், ராஜா விழும். ஹார்ட் ஏஸில் கைக்குத் திரும்பினால் ஸ்பேட் ராணி உங்களுடையது. ஹார்ட்டை விட்டால் முதலில் ஹார்ட் ஏஸ், பிறகு ஸ்பேட் ஏஸில் டம்மிக்குப் போய் ஹார்ட் ராணி.

சறுக்குவது கணிப்பில்தான். கெட்டிக்கார எதிராளி ஒரு ராஜாவை முன்கூட்டியே தனியாக்கிவிட்டு முகம் மாறாமல் இருப்பார். தப்பான ஏஸை எடுத்தால் ராணி எட்டாத கையில் மாட்டிக்கொள்ளும். அவர் கழிப்பதை ஆரம்பத்திலிருந்தே எண்ணி வையுங்கள்.