ஸ்கேட்போர்டுப் பலகையின் விளிம்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு தச்சுப் பட்டறை உள்ளது. ஸ்கேட்போர்டுப் பலகையைத் தாங்களே செய்து பார்க்கும் ஆசையோடு கல்லூரிப் பிள்ளைகள் சிலர் அங்கே வந்து போகிறார்கள். நானும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். அவர்கள் கொண்டுவரும் பலகைகளில் வடிவம் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது, கெட்டுப்போவது விளிம்புதான். பார்வைக்கு நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகவே விளிம்பை மழுக்குகிறோம் என்ற எண்ணத்தில்தான் பல தவறுகளும் பிறக்கின்றன. ஒட்டிய அடுக்குகள் அனைத்தும் வெளியே தெரிகிற இடம் விளிம்பு என்பதால், அடுக்குகள் பிரிவதும், பலகை ஈரம் குடிப்பதும், சிலாம்பு கிளம்புவதும் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

மரத்தைத் தேர்வதிலேயே விளிம்பின் ஆயுள் பாதி முடிவாகிவிடுகிறது. கடைகளில் விற்கும் பலகைகள் பெரும்பாலும் மேப்பிள் மரத்தின் 7 மெல்லிய அடுக்குகளை ஒட்டி, ஏறத்தாழ 10 முதல் 11 மி.மீ. கனத்தில் செய்யப்படுகின்றன. நமக்குக் கைக்கெட்டுவது 12 மி.மீ. ப்ளைவுட். அதிலும் மலிவான கமர்ஷியல் ரகத்தில் உள் அடுக்குகளுக்கு இடையே வெற்றிடங்கள் இருக்கும். அவை வெட்டிய பிறகுதான் விளிம்பில் சிறு பொந்துகளாகக் கண்ணுக்குத் தெரியும். என்னுடைய இரண்டாவது பலகையில் வால் பக்கம், அதாவது பின் நுனியில், அப்படியொரு பொந்து இருந்தது. மரத்தூளையும் பெவிகாலையும் குழைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டு, வார்னிஷும் பூசிவிட்டேன். பார்வைக்குத் தடமே தெரியவில்லை, ஆனால் மூன்றாவது வாரத்தில் சரியாக அந்த இடத்திலிருந்தே அடுக்கு பிரிந்தது. பொந்தை அடைக்கலாமே தவிர, அந்த இடத்துக்குப் பலத்தைத் திருப்பித் தர முடியாது. ஆகவே ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள, ஈரம் தாங்கும் மரைன் ப்ளைவுட்டை வாங்குங்கள். வாங்கும்போதே தாளின் நான்கு பக்க விளிம்பையும் பார்த்துவிட்டு, வெட்டிய பின் வாலிலோ மூக்கிலோ (முன் நுனியிலோ) பொந்து தென்பட்டால் தயங்காமல் வேறு துண்டுக்கு மாறிவிடுங்கள்.

வெட்டும்போது கோட்டின் மேலேயே ஜிக்சாவை (வளைவாக அறுக்கும் மின்ரம்பத்தை) ஓட்டுவது அடுத்த தவறு. வளைவில் அதன் பிளேடு அடிப்பக்கம் சாய்ந்துகொள்ளும் என்பதால், மேலே கோடு சரியாக இருந்தாலும் கீழே உள்வாங்கியிருக்கும். கோட்டுக்கு வெளியே 2 அல்லது 3 மி.மீ. விட்டு வெட்டி, மிச்சத்தை மர அரத்தால் எடுப்பதே நல்லது.

விளிம்பை உருட்டும் வேலையில்தான் அதிகச் சேதம் நேர்கிறது. விளிம்பைச் செதுக்கும் மின்கருவியான ட்ரிம்மரில், விளிம்பின்மேல் உருண்டு வழிகாட்டும் பேரிங் வைத்த உருட்டு பிட்டை (சுழலும் வெட்டுமுனையை) மாட்டும் பலர், பெரிய வளைவுதான் கைக்கு இதமாக இருக்கும் என்று நம்பி 6 மி.மீ. ஆரமுள்ள பிட்டைத் தேர்கிறார்கள். 11 மி.மீ. கனமுள்ள பலகையில் மேல்பக்கத்தை அதனால் உருட்டியதும் 5 மி.மீ. நேர்விளிம்புதான் மிஞ்சும், பலகையைப் புரட்டிப் போட்டு மறுபக்கத்தை உருட்டும்போது, பேரிங் உருள்வதற்குத் தட்டையான இடமே இல்லாமல் ஏற்கெனவே வளைந்த பகுதியில் சறுக்கி, பிட் உள்ளே கடித்துவிடும். 3 மி.மீ. ஆரம் போதும். இரு பக்கமும் உருட்டிய பிறகும் நடுவே 5 மி.மீ. நேராக நிற்கும்; அடி விழும்போது அதைத் தாங்குவது அந்த நேர்ப்பகுதிதான்.

ட்ரிம்மரை நகர்த்தும் திசையும் அதே அளவு முக்கியம். பிட் மேலிருந்து பார்க்கக் கடிகார திசையில் சுழல்வதால், பலகையின் வெளிவிளிம்பை அதற்கு எதிர்த்திசையில் சுற்றிவர வேண்டும். அதாவது பலகையை முன்னால் வைத்து நின்றால், நம் பக்கத்து விளிம்பில் இடமிருந்து வலமாக நகர்த்த வேண்டும். மாற்றி நகர்த்தினால் கருவி கையை இழுத்துக்கொண்டு ஓடும். மூக்கும் வாலும் மேலே வளைந்த, அச்சில் அழுத்திச் செய்த பலகையாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. வளைவு தொடங்கும் இடத்தில் ட்ரிம்மரின் அடித்தட்டு பலகையில் முழுமையாக உட்காராமல் தள்ளாடுவதால், வெட்டு ஓரிடத்தில் ஆழமாகவும் ஓரிடத்தில் மேலோட்டமாகவும் விழும். அந்தப் பகுதியை மட்டும் அரத்துக்கு விட்டுவிடுவது நல்லது.

அரத்தைப் பிடிக்கிற கையும் ஒரு திசையைப் பழக வேண்டும். விளிம்பிலிருந்து மேல்பரப்பை நோக்கி அரத்தைத் தள்ளினால், மேல் அடுக்கின் நார்கள் தூக்கப்பட்டுப் பிய்ந்துவிடும். மேல்பரப்பிலிருந்து பலகையின் நடுக்கனத்தை நோக்கி, சற்றுச் சாய்வாகத் தள்ளினால் அதே நார்கள் அமுங்கி ஒட்டிக்கொள்ளும். மூக்கிலும் வாலிலும், பலகை அகன்ற இடத்திலிருந்து நுனியை நோக்கியே வேலை செய்ய வேண்டும். நுனியிலிருந்து அகன்ற இடத்தை நோக்கி இழைத்தால் நார் எதிர்த்து நின்று கிழியும்.

உருட்டு ஒரே சீராக இருக்கிறதா என்பதை அளக்க அடுக்குகளே போதும். விளிம்பு வளையும்போது ஒவ்வொரு அடுக்கும் ஒரு பட்டையாக, சுங்குடிச் சேலையின் கரைபோல நீளமாகத் தெரியும். ஒரு பட்டை ஓரிடத்தில் திடீரென அகன்றால், அங்கே அதிகம் மரம் எடுத்துவிட்டோம் என்று பொருள். பட்டறை ஆசாரி, "கண்ணை மூடிக்கிட்டு ஒரு சுத்து தடவிப் பாருங்க தம்பி" என்பார். பட்டைகள் காட்டாத சிறு மேடுகளையும் விரல் கண்டுபிடித்துவிடும் என்பதை அதன் பின்னரே நான் அறிந்தேன்.

மேலும் கீழும் ஒரே அளவில் உருள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கையால் பற்றித் தூக்கும் அடிப்பக்கம் நன்கு உருண்டிருக்கலாம். மேல்பக்கத்தை அளவுக்கு மீறி உருட்டினால், கால் வழுக்காமலிருக்க அங்கே ஒட்டும் சொரசொரப்பான கிரிப் டேப் ஓரத்தில் பிடிப்பில்லாமல் உரிந்துவரும், காலணிக்கும் பிடி குறையும். வாலின் நுனியை மெலிய வைப்பதைத்தான் நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். தரையில் உரசித் தேய்வது அந்த இடம்தான். தொடக்கத்திலேயே மெலிந்திருந்தால் விரைவில் கத்திபோலக் கூராகி, அடுக்கடுக்காகச் சிதறும்.

உப்புத்தாளை விரலால் அழுத்தித் தேய்த்தால், மென்மையான அடுக்குகள் மட்டும் குழிந்துபோகும். பழைய ரப்பர் செருப்பின் அடியில் ஒரு துண்டை வெட்டி, அதன்மேல் தாளைச் சுற்றிக்கொண்டு, முதலில் 120, பிறகு 180 எண் தாளால் தேய்க்கலாம். ப்ளைவுட்டின் தூளில் பசையும் கலந்திருப்பதால் மூக்குக்கவசம் அணிவதைத் தவிர்க்காதீர்கள். அதன் பின், பரப்புக்கு ஒரு பூச்சு என்றால் விளிம்புக்கு மூன்று பூச்சு வார்னிஷ் தேவைப்படும்; நார்களின் முனைகள் வெளியே தெரியும் இடத்தில் மரம் முதல் பூச்சை அப்படியே குடித்துவிடும். ஐப்பசி மழையில் ஒருமுறை நனைந்தாலும் விளிம்பு உப்பத் தொடங்கும் என்பதால், பூச்சு முழுமையாகக் காய்ந்து, விளிம்பில் நகத்தை அழுத்தினாலும் தடம் பதியாத பிறகே கிரிப் டேப்பை ஒட்ட வேண்டும்.