காப்பகத்து நாயைத் தத்தெடுப்புக்காகப் படமெடுப்பது எப்படி

கூண்டுக் கம்பி, ஈரத் தரை, அண்ணாந்து பார்க்கும் மிரண்ட கண். இப்படிப் படம் போட்டால் பார்ப்பவருக்கு இரக்கம் வரும். வீட்டுக்குக் கூட்டிப் போகத் தோன்றாது. அதே நாயை வெளியே கொண்டுவந்து கால் மணி நேரம் பொறுமையாக இருந்தால் செல்போனே போதும்.

கயிற்றைப் பிடிக்க, நாய்க்குப் பழகிய பணியாளர் ஒருவர் வேண்டும். காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் தரை சுடும், நாய்க்கு மூச்சிரைக்கும். முதல் 5 நிமிடம் சும்மா மோந்து பார்க்க விடுங்கள். காதைப் பின்னால் ஒட்டவைத்து, வாலை இடுக்கி, உதட்டை நக்கிக்கொண்டே இருந்தால் அன்றைக்குப் படமே வேண்டாம்.

கட்டட நிழலின் ஓரத்தில், முகம் திறந்த வானத்தைப் பார்த்திருக்கும்படி நிறுத்துங்கள். கண்ணில் சின்ன ஒளிப்புள்ளி விழும்; முகத்துக்கு உயிர் தருவதே அதுதான். மரநிழலில் வெயில் திட்டுத் திட்டாக முகத்தில் விழுந்து கெடுக்கும். நீங்கள் தரையில் உட்கார்ந்து, லென்ஸை நாயின் கண் மட்டத்துக்கு இறக்குங்கள். மிக அருகில் போனால் மூக்கு மட்டும் பெருத்துத் தெரியும். 5 அடி தள்ளியிருந்து 2 மடங்கு ஜூம் வையுங்கள்.

கறுப்பு நாய்க்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் போன் அந்த வெளிச்சத்துக்கு ஈடுகொடுக்கப் போய், நாய் கரிக்கட்டையாகிவிடும். செடியோ செங்கல் சுவரோ பின்னணியாகட்டும். திரையில் முகத்தை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, புருவ மேட்டு முடி இழை இழையாகத் தெரியும்வரை வெளிச்சத்தை ஏற்றுங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது: கண் பச்சையாக மின்னும், நாயும் மிரளும். தனிக் கேமரா என்றால் ஷட்டர் வேகம் 1/500 விநாடி.

உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த, எலும்பில்லாத கோழிக்கறியைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கிள்ளி, லென்ஸுக்குச் சற்று மேலே காட்டுங்கள். காகிதத்தைக் கசக்கினால் காது நிமிரும். ஆனால் இரண்டு மூன்று தடவைக்குமேல் பலிக்காது. அதனால் ஒரே அழுத்தில் பல படங்களைத் தொடர்ந்து எடுக்கும் பர்ஸ்ட் முறையை முதலிலேயே தயாராக வைத்திருங்கள்.

முகம் ஒன்று, பக்கவாட்டில் முழு உடல் ஒன்று, உயரம் புரிய ஆளின் முழங்காலுக்கு அருகே நிற்பது ஒன்று, நடையைக் காட்ட 15 விநாடி வீடியோ. காதில் வெட்டு இருந்தால் அது தெரிய எடுங்கள். கருத்தடை முடிந்த தெருநாய்க்கு வைக்கும் அடையாளம் அது. பார்வையில்லாத கண்ணையும் நொண்டும் காலையும் தயவுசெய்து மறைக்காதீர்கள். தெரிந்தே கூட்டிப் போகிறவர்தான் திருப்பிக் கொண்டுவராமல் வைத்துக்கொள்வார்.

கழுத்துத் துணி கட்டினால் நாய்க்கு ஒன்று. ஒரு குட்டிக்குக் கட்டியதை அடுத்ததற்குக் கட்டினால் குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய தொற்றுக் கிருமியான பார்வோ வைரஸும் கூடவே போகலாம். படங்களை வாட்ஸாப்பில் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் அந்தப் புருவ முடியெல்லாம் மசமசவென்று ஆகிவிடும்.