ஃபேண்டஸி நாவல் சிபாரிசு: பாதியில் விட்டது எது என்று முதலில் கேளுங்கள்

ஃபேண்டஸி படிக்கிற இன்னொரு ஆள் கிடைத்துவிட்டால் போதும், அந்தச் சந்தோஷத்தில் டீ ஆறுவதற்குள் பதினைந்து தலைப்புகளை அள்ளிக் கொட்டிவிடுகிறோம், அவரும் மரியாதைக்கு ஃபோனில் குறித்துக்கொள்கிறார், அதோடு சரி. என் ஃபோனிலும் அப்படி நாலு பட்டியல் தூங்குகிறது.

அதனால் ஒரு தடவைக்கு ஒரு புத்தகம்தான். அதையும் உடனே சொல்லாமல், "கடைசியா எதைப் பாதியில விட்டீங்க, எந்த இடத்துல?" என்று கேளுங்கள். பிடித்தது எது என்று கேட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் டோல்கீன், ஹாரி பாட்டர் என்றுதான் சொல்வார்கள், அதை வைத்து ஒன்றும் பிடிபடாது. விட்ட இடம் நிறையச் சொல்லும். டோல்கீனின் லார்ட் ஆஃப் த ரிங்ஸில் டாம் பாம்படில் என்ற ஆள் பாட ஆரம்பித்ததும் மூடிவைத்தேன் என்கிறவருக்குக் கதை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். சாண்டர்சனின் மிஸ்ட்பார்ன் (2006) கொடுங்கள், கொள்ளைக்கூட்டம் திட்டம் போடுகிற கதை, உட்காரவிடாது. கேம் ஆஃப் த்ரோன்ஸ் எழுதிய மார்ட்டினில் யார் யாருக்கு மாமன் மச்சான் என்றே புரியவில்லை என்பவருக்கு வேண்டியது ஒரே ஆள் சொல்லும் கதை. ராபின் ஹாப் எழுதிய அசாசின்ஸ் அப்ரெண்டிஸ் (1995) அப்படிப்பட்டது, ஃபிட்ஸ் என்ற பையன் தன் கதையைத் தானே சொல்லிக்கொண்டு போவான்.

அடுத்து இந்த "மாதிரி" என்ற வார்த்தை. "ஹாரி பாட்டர் மாதிரி ஏதாச்சும் சொல்லுங்க" என்று ஒருவர் கேட்டதும், மந்திரப் பள்ளிக்கூடம்தானே என்று நான் லெ குவினின் எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீயைக் கையில் கொடுத்தேன். 1968-இல் வந்த அருமையான புத்தகம். ஆனால் பள்ளிக்கூடம் சில அத்தியாயங்கள்தான், சிரிப்பு வெகு குறைவு, மீதியெல்லாம் ஒருவன் தன் நிழலோடு மல்லுக்கட்டுவது. அவர் பத்து நாள் கழித்து, "நல்லாத்தாங்க இருக்கு" என்று திருப்பிக் கொடுத்த தொனியிலேயே தெரிந்துவிட்டது. பிறகு விசாரித்தால், அவருக்குப் பிடித்தது ஒவ்வொரு பாகத்திலும் ஓடும் துப்பறியும் முடிச்சு. அதை முதலிலேயே கேட்டிருந்தால் பென் ஆரோனோவிச்சின் ரிவர்ஸ் ஆஃப் லண்டன் (2011) கொடுத்திருப்பேன், லண்டன் போலீஸ்காரர் ஒருவர் மந்திரம் கற்றுக்கொண்டே கேஸ் விசாரிப்பார். ஆகவே "மாதிரி" என்று காதில் விழுந்தால் அதில் எது மாதிரி என்று இன்னொரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

புத்தகத்தைச் சொல்லும்போது குறையையும் சேர்த்தே சொல்லுங்கள். "முதல் நூறு பக்கம் இழுக்கும்" என்று தெரிந்து தொடங்குகிறவர் பொறுத்துக்கொள்வார், தெரியாதவர் உங்களைத் திட்டுவார். தொடர் முடிந்ததா இல்லையா என்பதும் முக்கியம். மார்ட்டினின் தொடரில் ஐந்தாம் பாகம் வந்தது 2011-இல், பேட்ரிக் ராத்ஃபஸின் கிங்கில்லர் தொடரில் இரண்டாம் பாகமும் அதே வருடம்தான், இரண்டு பேரின் வாசகர்களும் அடுத்ததற்கு இன்னும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வீல் ஆஃப் டைம் 14 பாகம், ஆசிரியர் ராபர்ட் ஜோர்டன் 2007-இல் இறந்துபோக, கடைசி மூன்றைச் சாண்டர்சன் முடித்துவைத்தார். முடிவு தெரியாமல் தூக்கம் வராத ஆளுக்கு இதைச் சொல்லலாம், முந்தைய இரண்டும் வேண்டாம்.

எங்கே தொடங்குவது என்றும் சொல்லிவிடுங்கள். பிராட்செட்டின் நையாண்டித் தொடரான டிஸ்க்வேர்ல்டில் 41 நாவல்கள், முதலாவதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நான் எட்டாவதான கார்ட்ஸ்! கார்ட்ஸ்!-ஐத்தான் கொடுப்பேன். சி.எஸ். லூயிஸின் நார்னியா தொடரை மொத்தமாக விற்கும் பெட்டியில் 1 என்று எண் போட்டிருப்பது ஆறாவதாக வெளிவந்த புத்தகம், அலமாரிக் கதவு திறக்கும் 1950-ஆம் வருடப் புத்தகத்தில் தொடங்கினால்தான் சுகம் என்பது என் கட்சி. வாங்கும்போது அட்டையையும் நன்றாகப் பாருங்கள். மார்ட்டின் தொடரின் மூன்றாம் பாகமான எ ஸ்டார்ம் ஆஃப் சோர்ட்ஸின் பிரிட்டிஷ் பேப்பர்பேக் இரண்டு துண்டாக வரும், நான் இரண்டாவது துண்டை மட்டும் வாங்கிவந்து நாற்பது பக்கம் முழித்தவன்.

கதையைச் சொல்லாமல் எப்படி ஆசை காட்டுவது? முதல் சில பக்கங்களில் வருவதை மட்டும் சொன்னால் போதும். "முடிவே இல்லாத கூடங்கள், எங்கு பார்த்தாலும் சிலைகள், கீழ்த்தளத்தில் கடல், அந்த வீட்டில் ஒருவன்" என்று சுசானா கிளார்க்கின் பிரனேசிக்குச் (2020) சொல்லலாம், அதற்கு மேல் ஒரு வரிகூட வேண்டாம். "கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்கு பாருங்க" என்பதும் கதையைச் சொன்ன மாதிரிதான், தயவுசெய்து வேண்டாம்.

அப்புறம், இது கொடுக்கல் வாங்கல். அவர் சொன்னதை நீங்கள் தொடாமல் உங்களுடையதைப் படித்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டே இருந்தால் இரண்டாவது மாதமே தொடர்பு அறுந்துவிடும். பிடிக்கவில்லையா, எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள் என்பதைச் சொல்லுங்கள், அவருக்கு அதுதான் உதவும். எனக்கு ஆபீசில் ஒரு நண்பர் உண்டு, எதைக் கேட்டாலும் வேதாளம் முருங்கைமரம் ஏறுகிற மாதிரி ஸ்டீவன் எரிக்சனின் மலசான் தொடரில் போய் நிற்பார். பத்துப் பாகம். முதல் பாகம் எதையும் விளக்காது, இரண்டாம் பாகம் பெரும்பாலும் புது ஆட்களோடு வேறொரு கண்டத்துக்கே போய்விடும். இருநூறு பக்கம் முட்டிப்பார்த்துவிட்டு, "யாருமே மனசுல ஒட்டல சார், எல்லாருமே வந்து வந்து போறாங்க" என்று நேராகச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், கொஞ்சம் யோசித்துவிட்டு மறுநாள் எடுத்துவந்து கொடுத்ததுதான் அந்தப் பிரனேசி. முந்நூறு பக்கம்கூட இல்லை, இரண்டு ராத்திரியில் முடித்தேன். பதிலுக்கு நான் கொடுத்த பிராட்செட் அவர் மேஜையில் இருக்கிறது, அடையாளத்துக்குச் செருகிய பஸ் டிக்கெட் மூன்று வாரமாக அதே இடத்தில் நிற்கிறது, திங்கட்கிழமை எந்தப் பக்கம் என்று பார்த்துவிட வேண்டும்.