தென்னங்கன்று: தாய்மரத்திலிருந்து குழி வரை

தென்னை நடுகிறவர் செய்யும் பெரிய தவறு, கன்று எந்த மரத்திலிருந்து வந்தது என்று விசாரிக்காமல் வாங்குவது. நெட்டை ரகம் காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். மரம் காய்க்காத சாதி என்று அப்போதுதான் தெரியவரும்.

குட்டை ரகம் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே சூல் கொள்வதால், கன்று தாயைப் போலவே வரும். நெட்டையில் மகரந்தம் அயல் மரத்திலிருந்து வருகிறது. தாய் தெரிந்தாலும் தந்தை தெரியாது. அதனால் நெட்டையில் தாய்மரத்தையும் பார்க்க வேண்டும், நாற்றங்காலில் தேறாத கன்றுகளையும் கழிக்க வேண்டும்.

தாய்மரம் 25 வயது தாண்டியதாக, ஆண்டுக்கு 80 காய்க்குக் குறையாமல், வருஷந்தவறாமல் காய்ப்பதாக இருக்கட்டும். கொண்டையில் 30 மட்டையாவது வேண்டும். 11–12 மாதம் முற்றிய விதைத்தேங்காயான நெற்றைக் கயிறு கட்டி இறக்குங்கள்; மேலிருந்து போட்டால் ஓடு விரிசல் விடலாம். காதருகே வைத்துக் குலுக்குங்கள். நீர் சலசலக்காத நெற்று முளைக்காது, ஒதுக்கிவிடுங்கள். நெட்டை நெற்றை இரண்டு மாதம் வரை நிழலில் வைக்கலாம். குட்டை நெற்று சீக்கிரம் காய்ந்துபோகும், ஒரு மாதத்துக்குள் ஊன்றிவிடுங்கள்.

நாற்றங்கால் நீர் தேங்காத மணற்பாங்கான நிலமாகவும், லேசான நிழலுள்ளதாகவும் இருக்க வேண்டும். 30 செ.மீ. இடைவெளியில், அகன்ற பக்கம் மேலே இருக்கும்படி நெற்றைப் படுக்கவைத்து, மேற்பகுதி லேசாகத் தெரியும் அளவுக்கு மண் அணையுங்கள். நெற்றின் மேல்மட்டையில் ஈரம் காயக்கூடாது. பொதுவாக இரண்டு மூன்று மாதத்தில் முளை தலைகாட்டும். ஐந்து மாதமாகியும் முளைக்காததைத் தயங்காமல் பிடுங்கிவிடுங்கள். முந்தி முளைத்தது முந்திக் காய்க்கும் என்பது தென்னையில் பெரும்பாலும் பலிக்கும்.

9–12 மாதக் கன்றில் கழுத்துச் (தண்டு நெற்றோடு சேரும் இடம்) சுற்றளவு 10 செ.மீ.க்குக் குறையாமல், ஆறு இலையாவது இருக்கட்டும். இலை சீக்கிரமே கீற்றாகப் பிரிந்திருந்தால் இன்னும் நல்லது. நிழலில் நெட்டென்று வளர்ந்த ஒல்லிக் கன்றைப் பார்த்து ஏமாற வேண்டாம். கன்றை இலையைப் பிடித்து இழுக்காதீர்கள். மண்வெட்டியால் மண்ணோடு நெம்பி எடுங்கள்.

குழி நீளம், அகலம், ஆழம் மூன்றும் 1 மீட்டர். குழிக்குக் குழி 7.5 மீட்டர், ஏக்கருக்குச் சுமார் 70 மரம். நெருக்கி நட்டால் மட்டைகள் பின்னிக்கொள்ளும், மரம் வெயிலைத் தேடி உயருமே தவிரக் காய்க்காது. அடியில் உரிமட்டைகளைக் குழிந்த பக்கம் மேல்நோக்கிப் பரப்பினால் ஈரம் நிற்கும். பாதிக்கு மேல் மேல்மண்ணும் மக்கிய தொழுவுரமும் நிரப்பி, நடுவில் நெற்று மறையும் அளவுக்குக் கன்றை நட்டு மிதியுங்கள். மழையில் சரியும் மண் கழுத்தை மூடினால் குருத்து அழுகும். முதல் ஆண்டு முழுக்க அந்த மண்ணைத் தள்ளிக்கொண்டே இருங்கள்.

விரியும் மட்டையில் கத்தரித்தது போல் முக்கோண வெட்டு தெரிந்தால் காண்டாமிருக வண்டு வந்துவிட்டது. குருத்தின் அடியை ஒவ்வொரு வாரமும் பாருங்கள், துளையில் இருக்கும் வண்டைக் கம்பியால் குத்தி எடுங்கள். வண்டு முட்டையிடுவது எருக்குழியிலும் மக்கும் தென்னங்கட்டையிலும்தான். கிளறாத எருக்குழி தோப்புக்குப் பக்கத்தில் இருக்கும்வரை வண்டு வந்துகொண்டேதான் இருக்கும்.