கிறீஸ் கழுவும் கரைப்பான்: பழகியது மூக்கு மட்டும்தான்

கொழும்புப் பக்கம் இரத்மலானையிலோ வெல்லம்பிட்டியிலோ உலோக வேலை நடக்கும் இடத்தில் புதிதாகச் சேரும் பொடியன், கிறீஸ் கழுவும் கரைப்பானின் மணத்தில் முதல் வாரமே தலையிடி என்பான். "கொஞ்ச நாளில பழகிடும் தம்பி" என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஆனால் பழகுவது மூக்கு மட்டும்தான். ஒரே மணத்தை நாள் முழுக்க முகர்ந்தால் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும். ஆவி இரத்தத்தில் கலப்பது நிற்காது.

பெரிய தவறு இங்கேதான் தொடங்குகிறது: மணம் இல்லை, அதனால் ஆபத்தும் இல்லை என்று நினைப்பது. இந்தக் கரைப்பான்களில் ஒன்றான மெதிலீன் குளோரைட்டின் மணம் நமக்குத் தெரியும் முன்பே காற்றில் அதன் அளவு பாதுகாப்பு எல்லையைப் பல மடங்கு தாண்டியிருக்கும். உடலுக்குள் போனதும் அது கார்பன் மொனொக்சைட்டாக மாறும். இதய நோய் உள்ளவருக்கு அது எமன். இன்னொரு கரைப்பானான டிரைகுளோரோஎதிலீன் சிறுநீரகப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் உறுதியாக வகைப்படுத்தியது. ஹெக்சேன் என்ற கரைப்பான் நரம்பைத் தாக்கும். முதலில் கால்விரல்கள் மரத்துப்போகும், அப்புறம் நடையே தளரும்.

அடுத்தது மாஸ்க். துணி மாஸ்க்கும் மருந்துக்கடை மாஸ்க்கும் தூசைக் கொஞ்சம் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கென்றே (இப்படிப்பட்ட கரைப்பான்களின் ஆவிக்கு) செய்த, கரி நிரப்பிய வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். அந்தக் கரியும் நிரம்பிவிடும், காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும். மெதிலீன் குளோரைட் சாதாரண வடிகட்டியைச் சீக்கிரமே கடந்துவிடும் என்பதால் அதற்கு வெளிக்காற்று தரும் கருவிதான் சரி.

மேலே சுழலும் மின்விசிறியையும் நம்பாதீர்கள். இந்த ஆவிகள் காற்றைவிடக் கனமானவை, தரையிலும் குழியிலும் தொட்டியின் அடியிலும் தங்கும். விசிறி அதை எல்லோருக்கும் பரப்பிவிடும், அவ்வளவுதான். தொட்டியின் விளிம்பிலேயே ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும் அமைப்பு வேண்டும். கழுவும் தொட்டியைச் சுத்தம் செய்யத் தனியாக உள்ளே இறங்கவே கூடாது. இறங்கியவர் மயங்கி விழுந்தால், தூக்கப் போகிறவரும் அதே ஆவியைத்தான் சுவாசிப்பார். பதறி உள்ளே குதிக்காமல், காற்றுக் கருவியோடு வருபவரைக் கூப்பிடுங்கள்.

குளோரின் கலந்த கரைப்பானில் கழுவிய உலோகத் துண்டைக் காயவிடாமல் வெல்டிங் செய்தால் பொஸ்ஜீன் என்ற நச்சு வாயு உருவாகலாம். அது நுரையீரலைப் பல மணி நேரம் கழித்துத்தான் தாக்கும். அன்று மாலை நன்றாக வீடு போனவர் இரவில் மூச்சுக்குத் திணறுவார்.

வேலை முடிந்து தின்னரிலோ பெற்றோலிலோ கை கழுவுவது நம் பட்டறைகளில் சாதாரணம். தோலின் எண்ணெய்ப்பசை போய்விடும், தோல் வெடிக்கும், கரைப்பானும் உள்ளே ஊறும். கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசித் தேய்த்து, பிறகு சவுக்காரம் போட்டாலே கிறீஸ் போய்விடும். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை மண்ணெண்ணெய்க்கு உதவும், ஆனால் டிரைகுளோரோஎதிலீன் சில நிமிடங்களில் அதை ஊடுருவிவிடும்.

சோடாப் போத்தலில் கரைப்பானை ஊற்றி வைக்காதீர்கள்.

தொழிலாளர் பாதுகாப்புக்கான 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இன்றும் இருக்கிறது. முறைப்பாடு சொல்ல நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களம் இருக்கிறது. டாக்டரிடம் போகும்போது டிரம்மின் லேபிளைப் போனில் படம் எடுத்துக் காட்டுங்கள். வெறும் தலையிடி என்று சொன்னால் பனடோல்தான் கிடைக்கும்.